எலியோடு நின்றுவிடும் மாத்திரைகள்: ஆய்வு நிதிக் குழுக்களுக்கும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மருந்து ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களின் தலைவர்களுக்கும், ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும்,

"புதுமை இல்லை." உங்களில் ஒரு குழு எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியபோது சொன்ன காரணம் இந்த இரண்டு சொற்கள்தாம். நாற்பது பக்க விண்ணப்பம் அது. புதிய துகள் ஒன்றைச் செய்யப் பணம் வேண்டும் என்று அதில் நாங்கள் கேட்கவில்லை. இன்சுலினை வாய்வழியே கொடுப்பதற்காக மற்றவர்கள் ஏற்கெனவே செய்து, வெற்றி என்று அறிவித்த பாலிமர் நானோதுகள்களில் (மருந்தை உள்ளே அடைத்துக் கொண்டுபோகும், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களில்) மூன்றை எடுத்து, அவர்கள் எழுதியிருக்கும் முறைப்படியே மீண்டும் செய்து பார்க்க வேண்டும் என்றோம். மூன்று ஆய்வகங்கள் தனித்தனியாகச் செய்ய வேண்டும். எலிக்குப் பிறகு பன்றியிலும் பார்க்க வேண்டும். செய்த அன்றும், ஆறு மாதம் வைத்திருந்த பின்னும் சோதிக்க வேண்டும். இவ்வளவுதான். இதில் புதுமை இல்லை என்பது உண்மை. முதல் பக்கத்திலேயே அதை நாங்கள் எழுதியிருந்தோம். அதையே நிராகரிக்கப் போதுமான காரணமாக நீங்கள் எடுத்துக்கொண்டதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பதினாறு ஆண்டுகளாக மருந்தாக்க ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இன்சுலினோடு எனக்குள்ள பழக்கம் அதைவிடப் பழையது. என் தங்கைக்கு ஒன்பது வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. இப்போது அவளுக்கு முப்பத்தொன்று. நாளுக்கு நான்கு ஊசி என்று கணக்கு வைத்தால் முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. தொப்புளுக்கு இடப்பக்கம், தோலுக்கு அடியில், கோலிக்குண்டு அளவில் இரண்டு கட்டிகள் இருக்கின்றன. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் கொழுப்பு இப்படித் திரண்டுவிடும். அந்த இடத்தில் வலி குறைவு. அதனால் கை தானாக அங்கேயே போகிறது. ஆனால் அங்கே போடும் இன்சுலின் ஒரு நாளைப் போல் இன்னொரு நாள் உறிஞ்சப்படுவதில்லை. இடத்தை மாற்றிப் போடு என்று சொல்லாத மருத்துவர் இல்லை. மாற்றிப் போடுகிறாள். சோர்ந்த நாளில் கை மறுபடி பழைய இடத்துக்கே போய்விடுகிறது.

அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. வாயால் சாப்பிடும் இன்சுலின் வரப்போகிறது என்று செய்தி வந்தால் கத்தரித்து அதில் ஒட்டிவைப்பாள். "இனி ஊசி தேவையில்லை", "நீரிழிவு நோயாளிகளுக்கு நற்செய்தி" என்று தலைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு சொல் எழுதியிருப்பாள். பக்கம் பக்கமாக "எலி", "எலி", "சுண்டெலி", "எலி". 2024-இல் ஒட்டிய ஒன்றில் "பபூன் குரங்கு". நானோதுகள் பற்றி அவள் ஒட்டியிருக்கும் எந்தச் செய்திக்கும் "மனிதர்" என்று எழுத அவளுக்கு இன்னும் வாய்க்கவில்லை. முன்பெல்லாம் "அக்கா, இது எப்போது கடைக்கு வரும்?" என்று கேட்பாள். கேட்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இது எளிய வேலை இல்லை என்பது உங்களைப் போலவே எனக்கும் தெரியும். இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். புரதத்தைக் கண்டால் உடைப்பதற்கென்றே அமைந்த பாதை நம்முடைய உணவுப் பாதை. இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும், அதைத் தாண்டினால் சிறுகுடலில் டிரிப்சின், கைமோடிரிப்சின் என்ற நொதிகளும். அவற்றுக்கும் தப்பினால் சளிப்படலம். உடல் அதை ஓயாமல் சுரந்து, பழையதை உதிர்த்துக்கொண்டே இருக்கும். அதில் சிக்கியது எதுவும் அதோடு சேர்ந்து வெளியேறிவிடும். அதற்கும் அடியில் குடல் சுவரின் செல்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அவற்றின் இடையே உள்ள இடுக்கு ஒரு நானோமீட்டர் அளவுதான். நாங்கள் செய்யும் துகளோ நூறு, இருநூறு நானோமீட்டர். ஆகவே துகள் இடுக்கு வழியாகப் போக முடியாது. செல்லின் உள்ளே புகுந்துதான் மறுபக்கம் வர வேண்டும். அல்லது சுவரை ஒட்டி நின்று, உள்ளிருக்கும் மருந்தை அங்கேயே விடுவிக்க வேண்டும்.

1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். அந்தப் பத்தாண்டிலேயே வாய்வழியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பாலிமர் உறைக்குள் அடைத்துக் கொடுக்கலாம் என்ற வழிக்கு வலுவான முதல் சான்று 1988-இல் பிரான்சிலிருந்து வந்தது. கிறிஸ்டியான் டாம்ஷே, பாட்ரிக் கூவ்ரூர் குழுவினர் சயனோஅக்ரிலேட் பாலிமரால் ஆன நுண் உறைகளுக்குள் இன்சுலினை அடைத்து, நீரிழிவு எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கியது, அந்த இறக்கம் நாள்கணக்கில் நீடித்தது. இந்தத் துறைக்கு நான் வரக் காரணமே அந்தக் கட்டுரைதான். அது வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. வாயால் விழுங்கும் பாலிமர் நானோதுகளில் அடைத்த இன்சுலின் ஒன்றுகூட இன்றுவரை மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை. இடைப்பட்ட காலத்தில் புதிய துகள்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. உடலில் கரையும் செயற்கைப் பாலிமரான பி.எல்.ஜி.ஏ., இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், அவற்றின் கலவைகள், கலவைகளின் மேல் பூச்சுகள். ஒவ்வொன்றும் புதுமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை, ஒரு எலிக்கூட்டம், பிறகு மௌனம்.

அந்த மௌனத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் கண்ணால் கண்டதிலிருந்து சொல்கிறேன்.

கைட்டோசான் துகள்களைப் பற்றிய கட்டுரைகளில் நேர்மின்னூட்டம் உள்ளதால் அவை குடலின் சளியோடு நன்றாக ஒட்டும் என்று திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. மின்னூட்டத்தை அளப்பது பெரும்பாலும் அமிலக் கரைசலில். நாங்களும் அப்படித்தான் செய்தோம். குப்பியை விளக்கின் முன் பிடித்தால் லேசான நீலம் ஓடும். துகள்கள் சிறியவையாக, பிரிந்து நிற்கின்றன என்பதற்கு அது அடையாளம். பார்க்கவே அழகாக இருக்கும். அதே துகள்களைச் சிறுகுடலின் அமிலத்தன்மைக்கு ஈடான கரைசலில் ஊற்றினேன். பத்து நிமிடத்துக்குள் நீலம் மறைந்து, திரிந்த பால்போல வெள்ளைத் திப்பிகள் அடியில் இறங்கின. வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. கைட்டோசான் அமிலத்தில்தான் மின்னூட்டம் ஏறிக் கரைந்திருக்கும். குடலுக்கு வரும்போது அதை இழந்துவிடும். பாடநூலில் உள்ள செய்தி. இருந்தும் நாங்கள் பின்பற்றிய கட்டுரையில் இந்தச் சோதனை இல்லை. எந்த மதிப்பீட்டாளரும் கேட்கவில்லை.

இன்னொன்று, எங்களையே ஏமாற்றியது. துகளுக்குள் ஒளிரும் சாயம் ஒன்றை வைத்து எலிக்குக் கொடுத்தோம். குடலை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தபோது குடலுறிஞ்சிகள் (குடல் சுவரில் விரல்போல் நீட்டியிருக்கும் நுண்ணிய அமைப்புகள்) முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தன. துகள் உள்ளே போய்விட்டது என்று ஆய்வகமே கொண்டாடியது. எங்களோடு இருந்த ஓர் இளைய மாணவி மட்டும், எலியே இல்லாமல், துகளைக் குடல் நீரை ஒத்த கரைசலில் இரண்டு மணி நேரம் வைத்து வடிகட்டிப் பார்த்தாள். வடிந்த நீர் ஒளிர்ந்தது. சாயத்தில் பாதிக்கும் மேல் துகளைவிட்டு வெளியே வந்திருந்தது. நாங்கள் பார்த்த பச்சையில் துகள் எவ்வளவு, தனியாகக் கசிந்த சாயம் எவ்வளவு என்று சொல்ல எங்களிடம் வழியில்லை. அதை அப்படியே எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். "எதிர்மறை முடிவு, எங்கள் வாசகர்களுக்கு ஆர்வம் இராது" என்று மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அந்த மாணவி இப்போது வேறு துறையில் இருக்கிறாள். அவள் செய்ததுதான் அந்த ஆண்டு எங்கள் ஆய்வகத்தில் நடந்த மிக நல்ல வேலை என்று இன்றும் நினைக்கிறேன். அது அச்சில் எங்கும் இல்லை. ஆகவே இன்று எங்கோ ஒரு மாணவர் அதே சாயத்தை அதே துகளில் வைத்துக்கொண்டிருப்பார்.

எலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலிக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீர் அதன் குடலில் ஓயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். பட்டினி போட்ட எலியின் சர்க்கரை மருந்து எதுவும் கொடுக்காமலே மணிக்கு மணி இறங்கும். வெறும் துகளை, இன்சுலின் இல்லாமல், இன்னொரு கூட்டத்துக்குக் கொடுத்து ஒப்பிடாவிட்டால் துகள் செய்ததையும் பட்டினி செய்ததையும் பிரிக்க முடியாது. அப்படி ஒப்பிடாத கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். மதிப்பிடவும் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

அளவையும் பாருங்கள். எலி ஆய்வுகளில் கிலோவுக்கு 50 அலகு இன்சுலின் கொடுப்பது சாதாரணமாகக் காணப்படுவது. அறுபது கிலோ எடையுள்ள மனிதருக்கு அதை நேராகப் பெருக்கினால் 3,000 அலகு. நேராகப் பெருக்கக் கூடாது, எலியிலிருந்து மனிதருக்கு வரும்போது ஆறில் ஒரு பங்கு என்று கொள்ள வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அப்படிக் குறைத்தாலும் ஐந்நூறுக்கு அருகில் நிற்கிறது. என் தங்கை ஒரு முழு நாளுக்கு ஊசியில் எடுப்பது நாற்பது அலகு. அந்த ஐந்நூறில் இன்று எட்டு விழுக்காடும் நாளை பதினைந்து விழுக்காடும் இரத்தத்துக்குப் போனால் என்ன ஆகும்? நாளை இரவு தூக்கத்தில் அவள் சர்க்கரை இறங்கி நினைவிழப்பாள். துகளின் சராசரி வெற்றியை விட, ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதுதான் நோயாளிக்கு உயிர்ப் பிரச்சினை. நான் படித்தவரையில் இந்த ஒன்றைத்தான் மிகக் குறைவாக அளக்கிறோம். அளக்க வேண்டுமானால் அதே விலங்குக்கு அதே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதில் புதுமை இல்லை அல்லவா?

வேறு வழியில் போனவர்கள் எதைச் செய்து முடித்தார்கள் என்பதையும் நினைவூட்டுகிறேன். இரண்டாம் வகை நீரிழிவுக்கான, புரதம் போன்ற மருந்தான செமாகுளூடைடின் மாத்திரை 2019-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதில் நானோதுகள் இல்லை. உறிஞ்சுதலைக் கூட்டும் ஓர் உப்புதான் துணை. விழுங்கியதில் ஒரு விழுக்காடு அளவுக்குத்தான் இரத்தத்தை அடைகிறது. அப்போது வாரம் ஒருமுறை ஒரு மில்லிகிராம் வரை ஊசியாகப் போன மருந்து, மாத்திரையானபோது நாளுக்கு 14 மில்லிகிராம் வரை ஆனது. வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேல் போகாத தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்த விதிகள் ஒவ்வொன்றும் மனிதர்களிடம் பொறுமையாக, மீண்டும் மீண்டும் அளந்து கண்டுபிடித்தவை. செமாகுளூடைடு உடலில் ஒரு வாரத்துக்கும் மேல் தங்குவதால் இன்று குறைந்ததை நாளை ஈடுகட்டிவிடும். இன்சுலினுக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்சுலினையே மாத்திரையாக்கிய ஒரு முயற்சியின் முடிவும் 2019-இல் வெளிவந்தது. அதிலும் நானோதுகள் இல்லை. எட்டு வாரம் மனிதர்களிடம் சோதித்தார்கள். சர்க்கரையை ஊசிக்கு நிகராகக் கட்டுப்படுத்தியது. ஆனால் ஒவ்வொரு மாத்திரைக்கும் தேவைப்பட்ட இன்சுலின் மிக அதிகம் என்பதால் திட்டத்தைக் கைவிட்டார்கள். கைவிட்ட காரணத்தையும் அச்சில் போட்டார்கள். படித்தபோது எனக்கு வருத்தமும் பொறாமையும் சேர்ந்தே வந்தன. அவர்கள் எங்கே இடறினார்கள் என்று உலகுக்குத் தெரியும். பாலிமர் துகளின் வேலையே அந்த வீணாவதைக் குறைப்பதுதான். நொதிகளிடமிருந்து காத்து, சுவருக்கு அருகில் கொண்டுபோய் விடுவது. அது முடியுமா முடியாதா என்பதற்கு எங்களிடம் நேர்மையான "முடியாது" கூட இல்லை.

இன்சுலின் ஒன்றுக்காக மட்டும் நான் பேசவில்லை. என்னிடம் பணத்தைக் கொடுத்து எங்கே தொடங்குவாய் என்று கேட்டால் காசநோய் என்றுதான் சொல்வேன். 2003-இல் சண்டிகரில் கூலர் குழுவினர் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு ஆகிய காசநோய் மருந்துகள் மூன்றையும் பாலிமர் துகள்களில் அடைத்து, காசநோய்க் கிருமி செலுத்திய சுண்டெலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை, மொத்தம் ஐந்து வேளை. அந்த ஐந்து வேளையிலேயே கண்டறியும் அளவுக்குக் கிருமி இல்லாமல் போனது. வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை விழுங்க வேண்டிய நோய் இது. நடுவில் நிறுத்தியவர்களுக்கு என்ன ஆகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து அளவில் சிறிய ஏற்ற இறக்கம் வந்தால் அன்றைக்கே ஆபத்து என்ற நிலையும் அதில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தப் பத்து நாள் மாத்திரை நோயாளியின் கைக்கு வரவில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் அறியாதவள் இல்லை. பணம் கொஞ்சம், கேட்பவர்கள் பலர். மதிப்பீட்டுக் குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன். "புதுமை போதாது" என்று நானும் எழுதியிருக்கிறேன். அப்படி நான் தள்ளிய இரண்டு விண்ணப்பங்கள் இன்று நினைவுக்கு வருகின்றன, அவை நல்ல வேலைகள். அதனால்தான் இதை ஒரு குழுவின் மேல் குற்றச்சாட்டாக எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். புதியது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதியதற்கு மட்டுமே பணம் என்றால், எல்லோரும் அடித்தளம் தோண்டிவிட்டு அடுத்த மனைக்குப் போய்க்கொண்டே இருப்போம்.

ஆகவே நிதிக் குழுக்களிடம் நான் கேட்பது: வாய்வழி நானோமருந்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, மற்றவர்கள் அறிவித்த முடிவுகளை வேறு ஆய்வகங்களில் மீண்டும் செய்து பார்ப்பதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அந்த விண்ணப்பங்களின் மதிப்பெண் தாளிலிருந்து "புதுமை" என்ற பத்தியை நீக்கிவிடுங்கள். எலியில் வெற்றி கண்ட துகளுக்குப் பன்றி போன்ற பெரிய விலங்கிலும், அறுவை சிகிச்சையில் நோயாளிகளின் ஒப்புதலோடு கிடைக்கும் மனிதக் குடல் திசுவிலும் அடுத்த கட்டம் போகத் தொடர் நிதி கொடுங்கள். நாள்தோறும் பல்லாண்டு விழுங்கினால் அந்தப் பாலிமர் உடலில் என்ன ஆகிறது என்ற கேள்விக்கும் அதில் இடம் வேண்டும். பி.எல்.ஜி.ஏ. குடும்பத்துப் பாலிமர்கள் கரையும் தையல் நூலில் பல்லாண்டாக இருப்பவை, ஆகவே பாதுகாப்பானவை என்று எழுதிவிட்டுப் போகிறோம். தையல் ஒருமுறை போடுவது. மாத்திரை முப்பது ஆண்டு.

ஆய்விதழ் ஆசிரியர்களிடம் கேட்பது: இன்சுலின் இல்லாத வெறும் துகளோடு ஒப்பீடு, சாயம் கசிகிறதா என்ற சோதனை, குடலின் அமிலத்தன்மையில் துகள் நிலைத்து நிற்கிறதா என்ற அளவு, விலங்கு எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தது என்ற விவரம், ஒவ்வொரு விலங்கின் தனித்தனி முடிவு ஆகியவை இல்லாத கட்டுரையை மதிப்பீட்டுக்கே அனுப்பாதீர்கள். நானோ ஆய்வுகளில் குறைந்தது எவற்றைச் சொல்ல வேண்டும் என்று 2018-இலேயே மிரிபெல் என்ற பெயரில் ஒரு வரையறை வந்திருக்கிறது. அதைப் பரிந்துரையாக வைக்காமல் விதியாக்குங்கள். முறையாகச் செய்து தோற்ற சோதனைகளைப் பதிப்பியுங்கள். எந்த விலங்கில் செய்தது என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே போடச் சொல்லுங்கள். பல்கலைக்கழகங்கள் செய்தியாளர்களுக்குக் கொடுக்கும் குறிப்பிலும் அது முதல் வரியில் வர வேண்டும். என் தங்கை பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கும் சொல்லை நீங்கள் அச்சிலேயே போட்டுவிடலாம்.

எங்கள் விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்துக்கு மீண்டும் அனுப்புகிறேன். மூன்று துகள்கள், மூன்று ஆய்வகங்கள், ஆறு மாதம். ஒரு வரியும் மாற்றவில்லை. இது மறுசோதனை என்று முன்புபோலவே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. முறையில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன். செலவு அதிகம் என்றால் எதைக் குறைக்கலாம் என்று சொல்லுங்கள். மறுசோதனை என்பதையே காரணமாகக் காட்டி மட்டும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாக்க ஆய்வாளர்